“அங்க இருக்கிற ஆக்களுக்கும் கிட்னி இருக்குமா அப்பா?”

வாசகர் கடிதம் (சுருக்கி):
எனக்கு 37 வயது. களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்து ஊர். பிரஷர் இருந்தது தெரியாமலே இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. மூன்று வருடமாகத் திங்களும் வியாழனும் டயலிசிஸ். முன்பு கணித ரியூஷன் வகுப்பு எடுத்தேன். இப்போது வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். இரவில் கால் உளைச்சலும் உடம்புக் கடியுமாகத் தூக்கம் வராது. முற்றத்தில் கதிரையைப் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறு உலகங்களில் உயிர் இருக்குமா, அது எப்படி இருக்கும் என்ற யோசனை இப்போது பகலிலும் விடுவதில்லை. போனிலும் அந்த வீடியோக்கள்தான். அண்ணன், “இருக்கிற உயிரைப் பார்க்காமல் இல்லாத உயிரைத் தேடுகிறான்” என்கிறார். மனைவிக்குப் பயம். ஒன்பது வயது மகள் மட்டும் பக்கத்தில் வந்திருந்து, “அங்க இருக்கிற ஆக்களுக்கும் கிட்னி இருக்குமா அப்பா?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை டயலிசிஸுக்குப் போகவில்லை. இவ்வளவு பெரிய அண்டத்தில் ஒரு ஆள் போகாவிட்டால் என்ன என்று தோன்றியது. எனக்கு மனவருத்தம் ஏதும் தொடங்கிவிட்டதா, டொக்டர்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் முழுக்க வானம். அந்த வியாழக்கிழமைக்கு மட்டும் இரண்டே வரி. ஆனாலும் நான் முதலில் அதைத்தான் எடுக்கப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

திங்களும் வியாழனும் செய்கிறவர் வியாழனை விட்டால், திங்களிலிருந்து அடுத்த திங்கள் வரை ஏழு நாள் இடைவெளி விழும். உங்களுக்கு நாளைக்கு ஒரு கிண்ணம் அளவில்தான் சிறுநீர் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பொட்டாசியம் வெளியேற அது போதாது. அது ரத்தத்தில் ஏற ஏற இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையும். வலி வராது, காய்ச்சல் வராது. கை கால் சோர்வாக இருக்கிறது என்று படுத்தவர் காலையில் எழும்பாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம் தண்ணீர் நுரையீரலில் தேங்கும். படுத்தால் மூச்சு முட்டும், எழும்பி இருந்தால் கொஞ்சம் சுகமாக இருக்கும். அப்படி மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, கால் தூக்க முடியாத பலவீனம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 1990க்கு அடித்து அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள்.

நீங்கள் கணக்குப் படிப்பிக்கிறவர். ‘அண்டம் மிகப் பெரியது’ என்பது முதல் வரி. ‘ஆகவே ஒரு ஆள் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்பது இரண்டாம் வரி. உங்களிடம் படிக்கிற பிள்ளை இப்படி எழுதிக் கொண்டுவந்தால் அந்த ‘ஆகவே’யைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருப்பீர்கள். சூரியக் குடும்பத்துக்கு வெளியே இதுவரை ஆறாயிரம் அளவில் கிரகங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றிலாவது உயிர் இருப்பது இன்னும் உறுதியாகவில்லை. உயிர் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அது நாம் நிற்கிற இடம். அண்டத்தின் பருமனை வைத்துக் கணக்குப் போடுவதென்றால் இதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டுப் பாருங்கள், உங்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருக்கிற ஆளின் பெறுமதி எந்தப் பக்கம் போகிறது என்று.

நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததா? வந்திருந்தால், இப்போதும் வருகிறதென்றால், இதை வாசித்து முடித்த கையோடு மனைவியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 1926 என்பது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம். உங்கள் கிளினிக் வைத்தியரிடம் சொன்னால் மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தருவார். அப்படி எதுவும் இல்லை, வெறும் களைப்பில்தான் விட்டேன் என்றால் அதையும் அங்கே சொல்ல வேண்டும். டயலிசிஸ் முடிந்த அன்று உடம்பு பிழிந்த துணி மாதிரி இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், இடைப்பட்ட நாட்களில் ஏறிய தண்ணீரையெல்லாம் நாலு மணித்தியாலத்துக்குள் இழுத்து எடுப்பது. ஏறுவதைக் குறைத்தால் பிழிவதும் குறையும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சரி, இனி நீங்கள் கேட்ட கேள்வி.

வேற்றுலக உயிர்களைப் பற்றி யோசிப்பது மனவருத்தத்தின் அடையாளம் கிடையாது. மனச்சோர்வு வந்தவரிடமிருந்து முதலில் கழன்று போவது ஆர்வம்தான். முன்பு பிடித்த பாட்டு பிடிக்காது, பிடித்த சாப்பாடு பிடிக்காது, ஆட்கள் வந்தாலும் பேச மனம் வராது. அதனால்தான் கடந்த இரண்டு கிழமையில் எதிலாவது விருப்பம் இருந்ததா என்று நாங்கள் முதலில் கேட்கிறோம். நீங்கள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மகளோடு சேர்ந்து யோசிக்கிறீர்கள். அதை வைத்தியனாக நான் நல்ல பக்கத்தில்தான் எழுதிக்கொள்கிறேன். மற்றப் பக்கத்தில் அந்த வியாழக்கிழமை இருக்கிறது. இரண்டையும் உங்கள் வைத்தியர் நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தில் நான் முடித்துவிட முடியாது.

ஆனால் இந்த வருத்தம் உள்ள ஒருவருக்கு ஏன் இந்தக் கேள்வி வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற வைத்தியரின் குழு, கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் முன்னங்கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து ஒரு டெஃப்லான் குழாய் பொருத்தியது. அதுவரை டயலிசிஸ் என்பது திடீரென்று கிட்னி நின்றவருக்குச் சில தடவை மட்டும் செய்வது; ஒவ்வொரு தடவையும் புதிய ரத்தக்குழாயைத் தேடி வெட்ட வேண்டும், கொஞ்ச நாளில் வெட்ட இடம் இருக்காது. அந்தக் குழாயை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது. ஷீல்ட்ஸ் பதினொரு வருடம் இருந்தார். அடுத்த மாதம், 1960 ஏப்ரலில், அதே நாட்டின் இன்னொரு மூலையில் பிராங்க் டிரேக் என்ற 29 வயது வானியலாளர் ஒரு ரேடியோத் தொலைநோக்கியை டவ் செட்டி, எப்சிலன் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்கள் பக்கம் திருப்பி, அங்கே யாராவது பேசுகிறார்களா என்று கேட்கத் தொடங்கினார். மனிதர் கருவி வைத்து முறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாத வித்தியாசத்தில் தொடங்கிய இரண்டு வேலைகள். ஒன்றினால் நீங்கள் இன்றைக்கு உயிரோடு இருக்கிறீர்கள், மற்றதைப் பற்றி இரவில் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது தண்ணீர். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தாகம் தாங்க முடியவில்லை, நாளைக்கு முக்கால் லீற்றர்தான் அனுமதி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு ஆடி மாத வெயிலில் இருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கிளினிக்கிலும் அந்த வறண்ட உதடுகளைப் பார்க்கிறேன். ஒரு விஷயம் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களோ தெரியாது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது உங்கள் ரத்தத்துக்குப் பக்கத்தால் நிமிடத்துக்கு அரை லீற்றர் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு மணித்தியாலத்துக்கு 120 லீற்றர். அடுத்த தடவை அந்த வடிகட்டியை நன்றாகப் பாருங்கள். முழங்கை நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழல், உள்ளே வெள்ளை நூல் கட்டு மாதிரி இருந்தது ரத்தம் ஏறியதும் சிவந்துவிடும். அந்த நூல் ஒவ்வொன்றும் உள்ளே துளையுள்ள குழாய். 10,000 அளவில் இருக்கும். உள்ளே உங்கள் ரத்தம், வெளியே சுத்தம் செய்து உப்பு அளந்து கலந்த தண்ணீர், நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. கழிவும் உப்பும் கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போகின்றன. அவ்வளவுதான் டயலிசிஸ்.

உங்கள் வானத்துக்கு வருவோம். வேற்றுலக உயிரைத் தேடுகிற விஞ்ஞானிகள் முதலில் தேடுவது தண்ணீரை. சனிக் கிரகத்துக்கு என்செலடஸ் என்று ஒரு சந்திரன். குறுக்களவு 500 கிலோமீற்றர் அளவு, நம் இலங்கையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. மேலே முழுக்கப் பனிக்கட்டி. 2005இல் கசினி விண்கலம் போய்ப் பார்த்தபோது அதன் தென்துருவத்தில் வெடிப்புகள், அந்த வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிக்கொண்டிருந்தன. பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அந்தத் துகள்களைக் கருவி பிடித்துப் பார்த்தபோது சோடியம் உப்பு நூற்றுக்கு அரை முதல் இரண்டு பங்கு, கூடவே கொஞ்சம் பொட்டாசியம். நமக்கு நாளத்தில் ஏற்றுகிற சேலைன் போத்தலில் இருப்பது நூற்றுக்கு 0.9. 2023இல் பழைய தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் பொஸ்பேட்டையும் கண்டுபிடித்தார்கள். நம் கடல்களில் இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் இருக்கலாம் என்கிறார்கள்.

சோடியம், பொட்டாசியம், பொஸ்பேட். உங்கள் மாதாந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள், அதே பெயர்கள். கிளினிக்கில் அந்தத் தாளை நீட்டும்போது பரீட்சைப் பெறுபேறு மாதிரிப் பயந்து நீட்டுகிறவர்கள் அநேகம். அந்தப் பெயர்கள் குற்றப்பத்திரிகை கிடையாது, தம்பி. உயிர் இருக்கும் என்று நம்புகிற இடத்தில் தேடுகிற சாமான்கள் அவை. பொஸ்பேட் இல்லாமல் மரபணு இல்லை, எலும்பு இல்லை. பொட்டாசியம் இல்லாமல் ஒரு துடிப்பு இல்லை. உங்களுக்கு அவை கூடிப்போவதுதான் பிரச்சினை. அளவுக்குள் வைத்திருக்க உடம்பு செய்த வேலையை இப்போது நீங்களும் கருவியும் சேர்ந்து செய்கிறீர்கள்.

மகளின் கேள்விக்கு இந்த இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். நான் இதுவரை படித்த எந்தக் கேள்வியையும்விட அது நல்ல கேள்வி. அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நம்மைப் போல அவரை விதை வடிவத்தில் இரண்டு கிட்னி அங்கே இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் உயிர் என்று ஒன்று இருந்தால் அதற்கு உள் என்றும் வெளி என்றும் இருக்கும், நடுவில் ஒரு தோல் அல்லது சவ்வு இருக்கும். உள்ளே வேண்டியதை வைத்துக்கொள்ள வேண்டும், வேண்டாததை வெளியே அனுப்ப வேண்டும். குளத்துத் தண்ணீரில் இருக்கிற அமீபாவைப் பாருங்கள். கண்ணுக்கே தெரியாத ஒற்றைக் கலம், அதற்குள்ளும் ஒரு சின்னப் பை இருக்கிறது. உள்ளே கூடிப்போகிற தண்ணீரைச் சேர்த்து, நிரம்பியதும் சுருங்கி, வெளியே தள்ளும். பிறகு திரும்ப நிரம்பும். நம்முடைய கிட்னி நாளைக்கு 180 லீற்றரை வடித்து, அதில் ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளும். அங்கே இருக்கிறவர்களுக்கும் ஏதோ ஒன்று இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும். அப்பாவுக்கு அந்த வேலையைச் செய்வது ஒரு மெஷின் என்று சொல்லுங்கள். அவளையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட முடியுமா என்று தாதியரிடம் கேட்டுப் பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சொல்ல வேண்டியதை முடித்துவிடுகிறேன். தாகத்தைத் தண்ணீரால் அடக்கப் பார்ப்பதைவிட உப்பைக் குறைத்து அடக்குவது சுலபம். உடம்பில் ஒன்பது கிராம் உப்பு தங்கினால் அது ஒரு லீற்றர் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடிக்காமல் உங்களை இருக்க விடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடைப் பக்கற்றில் வருகிற மிக்ஸர். நம் பக்கத்தில் கருவாட்டை விடச் சொல்வது லேசான காரியமா? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். காலையில் ஒரு போத்தலில் முக்கால் லீற்றர் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி குடித்தால், சொதி ஊற்றினால், கஞ்சி குடித்தால் அதே அளவைப் போத்தலிலிருந்து வெளியே ஊற்றிவிடுங்கள். அதில் கொஞ்சத்தை ஐஸ் கட்டியாக்கி வைத்து, இரவு முற்றத்துக்குப் போகும்போது இரண்டு கட்டி கிண்ணத்தில் கொண்டுபோங்கள். ஒன்றை வாயில் வைத்தால் நிறைய நேரம் போகும். இளநீர் வேண்டவே வேண்டாம், பொட்டாசியம். காமரங்காயும் அப்படியே, கிட்னி பழுதானவருக்கு அது மூளையைத் தாக்குகிற நஞ்சு.

தூக்கம். நட்சத்திரம் பார்ப்பதற்காக நீங்கள் விழித்திருக்கவில்லை. தூங்க விடாததால் எழும்பிப் போய்ப் பார்க்கிறீர்கள். வீட்டில் இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊருகிற மாதிரி, அசைத்தால், நடந்தால் சரியாவது மாதிரி இருந்தால் அதற்கு மருத்துவத்தில் பெயரும் உண்டு, வைத்தியமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவு அதைக் கூட்டும், பார்க்கச் சொல்லுங்கள். கடிக்கு நீங்களாகப் பார்மஸியில் வாங்கிப் போடுகிற அலர்ஜிக் குளிசை, குளோர்பெனிரமின், கால் உளைச்சலைக் கூட்டக்கூடியது. கடியை அடக்கப் போட்டது காலைக் கிளப்பிவிடுகிறது. அதை வைத்தியரிடம் காட்டுங்கள். கடிக்குப் பல காரணம். பொஸ்பேட் அதில் ஒன்று. கல்சியம் குளிசை தந்திருக்கிறார்கள் அல்லவா? அதைப் படுக்கும்போது விழுங்கிப் பலன் இல்லை. சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் சோற்றிலுள்ள பொஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் கேட்காமல் மூன்று வருடம் சகித்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். டயலிசிஸ் நோயாளி என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

வீடியோக்களைப் பற்றி. பொலன்னறுவைக் கல்லில் வேற்றுலக உயிர் கிடைத்தது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். 2012 டிசம்பர் கடைசியில் அந்தப் பக்கம் வானத்தில் ஒரு தீப்பந்து தெரிந்தது. அங்கே பொறுக்கிய கற்களுக்குள் நுண்ணுயிர்களின் புதைவடிவங்கள் இருப்பதாக இலங்கையில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடைய குழுவினரும் 2013இல் அறிவித்தார்கள். விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்தக் கல் விண்கல்தானா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி; நம் நன்னீரில் வாழ்கிற டயட்டம் பாசி அதில் ஒட்டியிருந்தால் என்ன என்பது அடுத்தது. இதோடு இன்னொரு கல்லை வைத்துப் பாருங்கள். 1969இல் அவுஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லைக் காலியில் பிறந்த நம் நாட்டு இரசாயனவியலாளர் சிரில் பொன்னம்பெருமவும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். அமினோ அமிலம் கிடைத்தது. உடனே அவர்கள் கேட்டது, இது கையால் தொட்டவர்களின் வியர்வையிலிருந்து வந்திருக்குமோ என்பதுதான். நம் இரண்டு கைகளைப் போல அமினோ அமிலத்துக்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவம் உண்டு; பூமி உயிர்களின் புரதங்களில் அது இடக்கை வடிவத்தில்தான் இருக்கும். கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே வெளியிலிருந்து வந்தது. அதை உயிர் என்று அவர்கள் சொல்லவில்லை. உயிருக்கு வேண்டிய செங்கற்கள் என்றார்கள்.

இந்தக் கேள்வி கேட்கிற பழக்கத்தை நீங்கள் வானத்திலிருந்து மருந்துக்கும் கொண்டுவர வேண்டும். ஏனென்றால் அதே போனில், அடுத்த வீடியோவில், கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேற்றினினைப் பத்து நாளில் குறைக்கிற மூலிகைக் குடிநீர் வரும். சனியின் சந்திரனுக்குச் சான்று கேட்கிற ஆள் அந்த இடத்தில் கேட்காமல் விட்டுவிடக்கூடாது. யார் சரிபார்த்தார், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார், கொடுக்காதவர்களுக்கு என்ன நடந்தது? ஆடுதீண்டாப்பாளை இனத்துச் செடிகளில் இருக்கிற ஓர் அமிலம் கிட்னியை அழிக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த உண்மை, புற்றுநோயும் வரும். உங்களுக்கு மிஞ்சியிருக்கிற அந்த ஒரு கிண்ணம் சிறுநீர் பொன் மாதிரி. அதைக் காப்பாற்ற வேண்டும். நாரி நோவுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிக் குளிசை போடுவதும் இதே கணக்குத்தான்.

அண்ணன் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அந்த வியாழக்கிழமையால். மற்றப் பாதிக்கு அவரிடம் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கைப் பற்றிச் சொல்லுங்கள். 1956 முதல் நம் நாட்டில் வாழ்ந்தவர், திருகோணமலைக் கடலில் சுழியோடியவர். 1962இல் போலியோ வந்தது. பல வருடம் கழித்து அதன் பின்விளைவாகத் தசைகள் பலமிழந்து, கடைசிக் காலம் முழுக்கச் சக்கர நாற்காலிதான். 2007 டிசம்பரில் தன் 90ஆவது பிறந்தநாளுக்குப் பேசும்போது மூன்று ஆசை சொன்னார். வேற்றுலக உயிருக்கு ஒரு சான்றைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்று. மனிதர் எண்ணெயை விட்டுச் சுத்தமான சக்திக்கு வர வேண்டும் என்பது ஒன்று. இலங்கையில் சமாதானம் நிலைக்க வேண்டும் என்பது மற்றது. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த அந்த டிசம்பரில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உங்கள் அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தூரத்தை நினைத்தவர் பக்கத்தை மறக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மூன்று மாதத்தில், 2008 மார்ச்சில், அவர் காலமானார். சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. நமக்கும் இதுவரை இல்லை. யூரோப்பா என்ற வியாழனின் சந்திரனை ஆராய 2024 ஒக்டோபரில் ஒரு விண்கலம் கிளம்பியிருக்கிறது, 2030இல் போய்ச் சேரும். அதுவரைக்கும் திங்களும் வியாழனும் ஒழுங்காகப் போக வேண்டும். இடையில் கிட்னி மாற்றுச் சிகிச்சைக்கு உங்கள் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 37 வயதில் அதைக் கேட்காமல் இருக்கக்கூடாது.

மனைவியின் பயத்துக்கு நான் பதில் எழுத முடியாது. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் வைத்தியருக்கு முன்னால் கேட்க விடுங்கள். அப்புறம், வானம் வெளித்திருக்கிற ஒரு ஜூன் மாத இரவில், ஒன்பது மணி போல, அவரையும் முற்றத்தில் இருத்தித் தெற்கே தாழ்வாகக் காட்டுங்கள். சிலுவை மாதிரி நாலு நட்சத்திரத்துக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள். கிழக்கே தள்ளி இருப்பதுதான் அல்பா சென்டோரி, சூரியனுக்கு அடுத்து நமக்கு மிகக் கிட்ட உள்ள நட்சத்திரக் கூட்டம். அந்த வெளிச்சம் இங்கே வர நாலு வருடமும் கொஞ்ச மாதமும் எடுக்கும். அது அங்கிருந்து கிளம்பியபோது உங்களுக்கு டயலிசிஸ் தொடங்கவில்லை.

சின்ன வயதில் அப்பப்பாவோடு நிலாக்காலத்தில் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குப் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துப் பாடும் மீன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். ‘கேட்டேன், ஆனால் என்னவென்று தெரியாது’ என்று. 1848இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் இங்கே மட்டக்களப்புக்கு வந்து மீனவர்களோடு தோணியில் போய் அந்த ஓசையைக் கேட்டார். தண்ணீருக்குள்ளிருந்து தந்தி அதிர்வது மாதிரி வருகிறது என்று எழுதிவைத்தார்; அது ஊரி என்ற நத்தைச் சிப்பியின் சத்தம் என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா ஊரியா என்று நம் ஊரில் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்றிரவு மகள் தூங்குவதற்கு முன் டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைத்துத் தைத்த உங்கள் ஃபிஸ்டுலாக் கையை அவள் காதில் வையுங்கள். ஊசி குத்தின இடத்துக்குக் கொஞ்சம் கீழே, தழும்பு தொடங்குகிற இடத்தில். உள்ளே கடல் இரைகிற மாதிரிக் கேட்கும், விரலை வைத்தால் பூனை முனகுவது போல அதிரும். அந்த இரைச்சலை நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். நின்றுபோனால் அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இனி அந்த வேலையை அவளிடம் கொடுத்துவிடுங்கள். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.